சட்டமியற்றல், ஒழுங்குமுறைச் சீர்திருத்தச் சட்டம், 2006 (பிரிட்டன்)

தொழில், வணிகத்தின் மீதுள்ள சட்டச் சுமைகளைப் புதிய சட்டம் இயற்றாமல், அமைச்சரின் ஆணை வழியாகவே நீக்கவும் குறைக்கவும் இடம் தரும் பிரிட்டிஷ் சட்டம். 2006 நவம்பர் 8 அன்று அரச ஒப்புதல் பெற்று, 2007 ஜனவரி 8 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டமான பிறகு இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மசோதாவாக இருந்த பத்து மாதங்களில்தான் பெரும் சர்ச்சை எழுந்தது. எதிர்ப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘நாடாளுமன்ற ஒழிப்பு மசோதா’.

பின்னணி

நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அமைச்சரே ஆணை போட்டுத் திருத்த அனுமதிக்கும் பிரிவை ‘எட்டாம் ஹென்றி பிரிவு’ என்று பிரிட்டிஷ் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். அந்த மன்னரின் பிரகடனங்களுக்குச் சட்ட வலிமை தந்து 1539-இல் ஒரு சட்டம் வந்தது. அவர் இறந்த 1547-ஆம் ஆண்டே அது நீக்கப்பட்டது. பழக்கம் மட்டும் வேறு உருவில் திரும்பி வந்தது. 1929-இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஹீவார்ட் பிரபு, சட்டமியற்றும் அதிகாரம் அதிகாரிகளின் கைக்குப் போவதைச் சாடி நூலே எழுதினார். அதே ஆண்டு அரசு இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைவரானவர், இலங்கையில் சர்வசன வாக்குரிமைக்கு வழிவகுத்த ஆணைக்குழுவின் தலைவரான அதே டொனமோர் பிரபு. இத்தகைய பிரிவுகளை அபூர்வமாகவே பயன்படுத்த வேண்டும் என்று 1932-இல் அக்குழுவின் அறிக்கை கூறியது.

ஜான் மேஜர் அரசின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. வணிகத்துக்குச் சுமையாக உள்ள பழைய சட்டங்களை ஆணையால் தளர்த்தலாம் என்றது. டோனி பிளேர் அரசு 2001-இல் அந்த அதிகாரத்தை மேலும் விரித்தது.

தீப்பாதுகாப்பு ஆணை

இந்த அதிகாரத்தின் வீச்சுக்கு 2005-ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணை ஒன்றே போதிய சான்று. 2001 சட்டத்தின் கீழ் வந்த அது, 1971-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம் உட்பட ஏராளமான பழைய விதிகளை நீக்கிவிட்டு, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே விதித்தொகுப்பைத் தந்தது. அதுவரை குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறை நேரில் பார்த்துச் சான்றிதழ் வழங்கியது. 2006 அக்டோபர் முதல் அந்தச் சான்றிதழ் இல்லை; கட்டடத்தின் ‘பொறுப்பாளர்’ தாமே ஆபத்தை மதிப்பிட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கியதில் நன்மை உண்டு. ஆனால் ஒரு துறையின் சட்டமே மாறியபோது, மசோதாவைப் போல உறுப்பினர்கள் பிரிவு பிரிவாகத் திருத்தம் கொண்டுவந்து வாக்கெடுக்க வழி இருக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வெளிச்சுவர் இந்த ஆணைக்குள் வருமா என்ற கேள்வி தெளிவில்லாமலே கிடந்தது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீ, வெளிச்சுவரில் பொருத்திய தகடுகள் வழியே பரவியதில் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரும் வீட்டு வாசற்கதவும் ஆணைக்கு உட்பட்டவையே என்று 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தெளிவுபடுத்தியது. அந்த விபத்துக்கு 2005 ஆணையைக் காரணமாக்குவது சரியாகாது, காரணங்கள் பல. ஆயினும் கட்டுப்பாட்டுத் தளர்வில் அரசு காட்டிய தீவிரம் பாதுகாப்புக் கவலைகளைப் பின்னுக்குத் தள்ளியது என்று 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை கண்டித்தது.

மசோதாவும் எதிர்ப்பும்

2001 சட்டத்தின் கீழ் வேலை மெதுவாக நடக்கிறது என்று கருதிய அரசு, 2006 ஜனவரியில் புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. முந்தைய சட்டங்களில் ‘சுமையைக் குறைத்தல்’ என்ற எல்லையாவது இருந்தது. இதிலோ, சட்டங்களைச் ‘சீர்திருத்த’ அமைச்சர் ஆணையிடலாம் என்று மட்டுமே இருந்தது. எதைச் சீர்திருத்துவது, எதைத் தொடக்கூடாது என்ற வரையறை கிட்டத்தட்ட இல்லை. வரி விதிக்கக்கூடாது, இரண்டாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை உள்ள குற்றத்தை உருவாக்கக்கூடாது என்பன போன்ற சில விலக்குகள் இருந்தன. பிற நிபந்தனைகள் நிறைவேறினவா என்று தீர்மானிப்பவரும் அமைச்சரே.

கேம்பிரிட்ஜ் சட்டப் பேராசிரியர்கள் ஆறு பேர் பிப்ரவரியில் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதிய கடிதம் விவாதத்தைச் சூடாக்கியது. ஜூரி விசாரணையை ஒழிப்பதும், நீதிபதிகளை நீக்கும் அதிகாரத்தைப் பிரதமருக்குத் தருவதும்கூட இம்மசோதாவின் கீழ் முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அப்படிச் செய்யும் எண்ணமே இல்லை என்றது அரசு. எண்ணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்து வரும் அரசுக்கும் அதே அதிகாரம் கிடைக்குமே என்பதுதான் கேள்வி. மே மாதம் அரசு இறங்கி வந்தது.

இறுதி வடிவம்

சுமை என்றால் பணச்செலவு, நிர்வாகத் தொல்லை, திறனுக்கோ லாபத்துக்கோ தடை, தண்டனை என்று சட்டம் வரையறுத்தது. அரசியலமைப்பு முக்கியத்துவம் உள்ள ஏற்பாடுகளை ஆணையால் செய்யக்கூடாது. 1998-ஆம் ஆண்டு மனித உரிமைகள் சட்டத்தையும், இந்தச் சட்டம் தரும் ஆணை அதிகாரத்தையும் ஆணையால் மாற்ற முடியாது. கலந்தாய்வு கட்டாயம். ஆணையை நாடாளுமன்றம் ஆய்வு செய்யும் முறையை அமைச்சர் பரிந்துரைப்பார். 30 நாளுக்குள் எந்த அவையின் குழுவும் அதைவிடக் கடுமையான முறையைக் கோரலாம். மிகக் கடுமையான முறைக்கு 60 நாள் அவகாசம் உண்டு. குழு ஆணையை நிறுத்தினால், அந்த அவை மட்டுமே குழுவின் முடிவை மாற்றலாம். இத்தனைக்குப் பிறகும், நிபந்தனைகள் நிறைவேறியதாக ‘அமைச்சர் கருதினால்’ போதும் என்ற அமைப்பு அப்படியே நிற்கிறது. சட்டத்தின் பலவீனமான இடம் இதுவே.

இந்தியாவில்

சட்ட விதிகளை அரசு ஆணையால் தளர்த்தும் முயற்சி இந்தியாவிலும் நடந்தது. தொழிற்சாலைச் சட்டத்தின் ‘பொது அவசரநிலை’ விலக்கைப் பயன்படுத்தி, 2020-இல் குஜராத் அரசு வேலை நேரத்தை அறிவிக்கை மூலம் 12 மணி நேரமாக்கியது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய மசோதா அச்சட்டத்தில் சேர்க்கவிருந்த 65ஏ பிரிவு, வேலை நேரம், ஓய்வு இடைவேளை, மிகைநேரக் கூலி தொடர்பான விதிகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் தருவதாக இருந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன; தொழிற்சங்கங்கள் போராட்டம் அறிவித்தன. மூன்றாம் நாள் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. திரும்பப் பெற்றதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார்.