காகிதம் கேட்ட நாட்டில் ஒரு நாடகக்காரர்

சி.வி. வேலுப்பிள்ளை என்றவுடன் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வருவது 'தேயிலைத் தோட்டத்திலே' மட்டும்தான். மே தின மேடையிலும் தமிழ்த் தினப் போட்டியிலும் 'மக்கள் கவிமணி' என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம். ஆனா அவர் எழுத வந்தது கவிஞராக மட்டும் இல்லை. கையில் ஒரு நாடகத்தோடுதான் வந்தார்.

1934இல் தாகூர் தன் கலைக்குழுவோடு இலங்கைக்கு வந்தார். அப்போது சி.வி.க்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. 'விஸ்மாஜினி' என்று தான் ஆங்கிலத்தில் எழுதிய இசை நாடகத்தை தாகூரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த ஒரு பையன், நோபல் பரிசு பெற்ற கவிஞரின் கையில் தன் நாடகத்தை வைக்கிறான். எங்கள் வயதில் இருந்த ஒருத்தரின் துணிச்சல் இது. இந்தச் சம்பவத்தை அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்கிறார்கள். நாடகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை சி.வி.யின் வாழ்க்கையைப் பற்றியது. கூடவே காகிதத்தைப் பற்றியது. மலையகத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

மூன்று மேடைகள்

சி.வி. 1914இல் வட்டகொடைக்குப் பக்கத்து மடக்கொம்பரையில் பிறந்தார். கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. ஹட்டனில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் பிறகு கொழும்பில் நாலந்தாவிலும் படித்தார். கொஞ்ச காலம் வாத்தியாராகவும் இருந்தார். தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே வாத்தியார், பத்து வயதானால் கொழுந்துக்கூடை என்றிருந்த காலம் அது. லயத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத ஆங்கிலம் அவருக்குக் கிடைத்தது. அதை மறைக்கத் தேவையில்லை. கிடைத்த ஆங்கிலத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்து மலைநாட்டில் நாடகத்துக்கு மூன்று மேடைகள் இருந்தன என்று சொல்லலாம். ஒன்று, விஸ்மாஜினி மாதிரி படித்தவர்களுக்கான ஆங்கில நாடகம். இரண்டாவது, தொழிற்சங்க மேடை. கோ. நடேசய்யர் 1937இல் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்று ஒரு நாடகத்தையே அச்சிட்டார். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்கவே முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் போய்ப் பார்த்து வந்தவர் அவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார். தலைப்பையே பாருங்கள்: அந்தரப் பிழைப்பு. காலுக்குக் கீழே தரை இல்லாத வாழ்க்கை. பிரஜாவுரிமைச் சட்டம் வருவதற்கு பதினொரு வருஷம் முந்தி வைத்த பெயர்.

மூன்றாவது மேடைதான் பெரியது, பழையது. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, ரதி மன்மதன் கதையை நாட்கணக்கில் ஆடுகிற காமன் கூத்து. பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு. இவற்றுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. கூத்து மாஸ்டர் இருப்பார், அவரிடம் ஒரு கொப்பி இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது, மனப்பாடம்தான்.

முதல் மேடையில் தொடங்கிய சி.வி. கடைசியில் வந்து சேர்ந்தது இந்த மூன்றாவது மேடையின் பக்கத்தில். நடுவில் ஒரு பெரிய அரசியல் குறுக்கிட்டது.

"காகிதம் இருக்கா?"

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் சி.வி. தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளிப்படி பிரஜையாக வேண்டுமென்றால் தகப்பனார் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். நீங்களே நாட்டுக்கு வெளியே பிறந்திருந்தால் தகப்பனாரும் தாத்தாவும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும். எதை வைத்துக் காட்டுவது? காகிதத்தை வைத்து.

1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் இடைவிடாமல் இத்தனை வருஷம் இங்கே வசித்தோம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். கல்யாணம் ஆனவருக்கு 7 வருஷம், ஆகாதவருக்கு 10 வருஷம். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மிச்சம் இருந்தவர்களும் இங்கேதான் பிறந்து, இங்கேதான் மலையை வெட்டி, இங்கேதான் செத்தவர்களைப் புதைத்தார்கள். புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைச் செடி இருந்தது, சான்றிதழ் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

1952 ஏப்ரலில் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சி.வி.யும் அதில் உட்கார்ந்தார். அந்த வருஷத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தி சி.வி.யைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனிதர்கள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள்.

இதைச் சட்டப் பிரச்சினை என்று மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். இது ஆவணக் காப்பகப் பிரச்சினையும்கூட. யாருடைய வாழ்க்கை எழுதிவைக்கப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்பதுதான் இதற்கு அடியில் இருக்கும் கேள்வி. பழைய ஃபெர்குசன் டைரக்டரியைத் திறந்தால் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும், எத்தனை ஏக்கர், சொந்தக்காரர் யார், துரை யார் என்பதும் வரிசையாக இருக்கும். கொழுந்து எடுத்தவரின் பெயர் இருக்காது. அவர் பெயர் செக்ரோலில் இருந்தது. அதுவும் எத்தனை நாள் பேர் போட்டது என்று பார்ப்பதற்காக.

தொழிலாளி கைக்கு வந்த காகிதங்களும் பெரும்பாலும் அவரைக் கட்டிப்போட வந்தவைதான். முதலில் 'துண்டு'. கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அதை வைத்து ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்கு ஆட்களைக் கடனோடு கைமாற்றினார்கள். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. பிறகு பத்துச்சீட்டு: வேலையிலிருந்து நிறுத்திக் கையில் கொடுக்கும் காகிதம். சி.வி.யின் 'வீடற்றவன்' நாவல், சங்கம் அமைக்கப் போய் வேலையை இழந்து, தோட்டம் தோட்டமாக அலைகிற ஒருத்தரின் கதை. தோட்டத்தில் வேலை போனால் லயத்துக் காம்பராவும் போய்விடும். அப்ப தலைப்பு உருவகம் இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்வது.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. எங்களில் பல பேருடைய குடும்பங்களில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு ஆனது அந்த எண்களால்தான். நாடற்ற நிலைமை சட்டப்படி முடிவுக்கு வர 2003 வரை போனது.

பாட்டைச் சாட்சிக்கு அழைத்தவர்

இப்ப சி.வி. செய்த வேலையின் பெறுமதி தெரியும். வாழ்நாள் முழுக்க அவர் தோட்டத்துப் பாடல்களைச் சேகரித்தார். தாலாட்டு, ஒப்பாரி, கோப்பிக் காலத்துப் பாட்டு, கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கிண்டல் செய்கிற பாட்டு. 1983இல் அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக வந்தன. அடுத்த வருஷம், 1984 நவம்பரில், அவர் இறந்துபோனார்.

நாட்டார் பாடல் என்றால் கலை நிகழ்ச்சியில் பத்து நிமிஷம் ஆடுவதற்கான சாமான் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆனா ஒரு ஒப்பாரியில் யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் எப்படிச் செத்தார் என்பதெல்லாம் வரும். துரையின் புத்தகத்தில் வராதது அதில் வரும். காகிதம் கேட்ட அரசுக்கு முன்னால் காகிதம் இல்லாத மக்களின் சாட்சியத்தைக் காகிதத்தில் ஏற்றியவர் சி.வி. எந்த ஆணையாளரும் ஒரு தாலாட்டைப் பிறப்புச் சான்றிதழாக ஏற்றிருக்க மாட்டார்தான். ஆனால் வரலாறு எழுதுகிற நமக்கு அது போதுமான சான்று.

ஒரு கேள்வியும் இருக்கிறது. 1950களில் அவர் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' ஆங்கிலத்தில்தான் வந்தது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் அதைப் படிக்க முடியாது. 1969இல் கவிஞர் சக்தீ அ. பாலையா தமிழில் தந்த பிறகுதான் அது லயத்துப் பக்கம் வந்தது. நாம் மேடையில் முழங்குவது சி.வி.யோடு பாலையாவும் கலந்த குரலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரிந்த உலகத்துக்கு முதலில் கேட்கட்டும் என்று அவர் நினைத்திருந்தால் அதிலும் நியாயம் உண்டு. தீர்மானம் எடுக்கிறவர்கள் எல்லாம் அப்போது அந்த மொழியில்தான் படித்தார்கள். ஆனால் பிறகு அவர் தமிழில் நாவல்கள் எழுதியதும், பாட்டுகளைத் தேடிப் போனதும், தனக்கும் தன் மக்களுக்கும் நடுவே இருந்த அந்தத் தூரத்தைக் குறைக்கும் முயற்சியாகவே எங்களுக்குப் படுகிறது.

பெட்டி யாரிடம்?

ஆஸ்திரேலியாவில் பேட்ரிக் வைட் என்று ஒரு எழுத்தாளர். நாவலும் நாடகமும் எழுதியவர், 1973இல் நோபல் பரிசு வாங்கியவர். அந்த நாட்டுத் தேசிய நூலகம் அவருடைய காகிதங்களைக் கேட்டபோது, தான் எதையும் வைத்திருப்பதில்லை என்று எழுதிவிட்டார். தான் செத்த பிறகு எல்லாவற்றையும் எரித்துவிடும்படியும் சொல்லிவைத்தார். அவர் இறந்து பதினாறு வருஷம் கழித்து, 2006இல், 32 பெட்டிகள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவருடைய முகவர் எரிக்க மனமில்லாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எழுதினவரே வேண்டாம் என்று சொன்னபிறகும் காகிதம் பிழைக்கிறது. ஏன்னா வாங்கிவைக்க ஒரு நூலகம் காத்திருக்கிறது.

சி.வி.யைப் படிக்க வேண்டுமென்றால் ஒரு பெட்டியைத் திறந்தால் போதாது. பாராளுமன்றப் பேச்சுக்கு ஹன்சாட்டுக்குப் போக வேண்டும். தொடர்கதைகளுக்குப் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குப் போக வேண்டும். வாழ்க்கைக்கு சாரல் நாடனிடம் போக வேண்டும். சாரல் நாடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1986இல் 'சி.வி. சில சிந்தனைகள்' எழுதினார், 1988இல் நடேசய்யரைப் பற்றிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். இன்றைக்கு மலையக இலக்கிய வரலாறு என்று நாங்கள் பரீட்சைக்கு எழுதுவதில் பாதி, ஒரு மனிதர் வேலை முடிந்த நேரத்தில் தேடிச் சேர்த்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய மலையகப் புத்தகங்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அதுவும் தன்னார்வலர்களின் உழைப்பு.

அரசு செய்யவில்லை, சங்கங்கள் செய்யவில்லை என்று திட்டிவிட்டு முடிக்கலாம். அது சுலபம். ஆனா லயத்துக் கூரை ஒழுகுவது நாம் திட்டி முடிக்கும்வரை காத்திருக்காது. இப்பவும் எத்தனையோ காம்பராக்களில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் பழைய சங்கத் துண்டு, பத்துச்சீட்டு, இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதிய கடிதம், காமன் கூத்துக் கொப்பி இருக்கலாம். ஒரு மண்சரிவு, ஒரு லயத் தீ போதும், எல்லாம் முடிந்தது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு சின்ன வேலையைத் தொடங்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். வருகிற லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு பெரியவரிடம் பேசுவது. அனுமதி கேட்டுவிட்டு, பெட்டியில் இருப்பதை ஃபோனில் தெளிவாகப் படம் எடுப்பது. காகிதத்தை அவர்களிடமே விட்டுவிடுவது, ஏன்னா ஒருகாலத்தில் காகிதத்தை வாங்கிக்கொண்டு போன ஐயாமார் திருப்பித் தரவில்லை என்ற பயம் இன்னும் போகவில்லை. பாட்டுத் தெரிந்தால் பதிவு செய்வது. முக்கியமாக, பாடியவர் விரும்பினால் அவர் பெயர், தோட்டம், டிவிசன், திகதி நான்கையும் எழுதுவது. பெயர் இல்லாமல் சேகரித்தால் அந்தப் பாட்டி இன்னொருமுறை கணக்கிலிருந்து காணாமல் போவார்.

சேருகிறவர்கள் முதல் வேலையாகத் தங்கள் ஊர்க் கூத்து மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்பவே போனால் அவருக்குப் பேச நேரம் இருக்கும்.