பிரிவு 123ம் சில கைக்கடிகாரங்களும்

வட சென்னையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் மூன்று வகைக் காகிதங்களை நம்பியிருக்கிறார்கள்: துறைமுகத்தின் கணக்கு, ஆலைகளின் கணக்கு, தொழிற்சங்கங்களின் தீர்மானம். 1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்ததும், 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1955இல் உண்டான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்ததும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் இந்தக் காகிதங்களிலிருந்து கிடைக்கின்றன. நான் சொல்லவிருப்பது இந்தக் காகிதங்களில் இல்லாத ஒன்றைப் பற்றி. 1980களில் இந்தப் பகுதி மனிதர்களின் மணிக்கட்டில் இருந்த ஃபாரின் வாட்ச் பற்றி.

நான் சேகரிப்பது அதில் ஒரு ஜாதியை மட்டும். முள்ளும் எண்ணும் ஒரே முகத்தில் இருப்பவை. ஸீக்கோ தன் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பர் 25ஆம் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் முள் மட்டும்தான். அடுத்த சில வருஷங்களில் எண் மட்டும் காட்டுபவை வந்தன. இரண்டையும் சேர்த்து 1976இல், மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸை ஒட்டி, ஒமேகா ஒரு கடிகாரம் செய்தது. சாதாரண மனிதன் எண்ணிப் பார்க்கக்கூடிய விலையில் அவற்றைக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்: ஸீக்கோ, ஸிட்டிஸன், காஸியோ. 1981இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் கட்டியிருந்தது ஸீக்கோவின் இந்த ஜாதி.

உள்ளே நடப்பது எளிய கணக்கு. படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு முள்ளைத் தள்ளுகிறது, எண்ணையும் மாற்றுகிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் முள்ளையும் எண்ணையும் தனித்தனியாகத்தான் திருப்பி வைக்க வேண்டும். ஒரே படிகத்திலிருந்து இரண்டு ஊர்களின் நேரத்தை ஓட்டலாம். இது பின்னால் முக்கியமாகிறது.

இவை நேர்வழியில் இங்கே வந்திருக்க முடியாது. 1961இல் ஸிட்டிஸன் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி. இருந்தது, 1984இல் டாடாவும் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்த பின் ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. வெளிநாட்டு வாட்சை இறக்கி விற்க வியாபாரிக்கு வழி விடப்படவில்லை. இருந்தும் வந்தது. ரங்கூனில் 1964இல் கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த தமிழர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தார்கள்; பிழைப்புக்காக அவர்களுக்கு 1969இல் பீச் ஸ்டேஷன் ஓரம் பர்மா பஜார் ஏற்பட்டது. ஸிங்கப்பூர் போய்வந்த ‘குருவி’கள் கப்பலிலும் விமானத்திலும் கொண்டுவந்தவை அங்கே விலை போயின. சுங்க மாளிகையும் அதே சாலையில்தான் இருக்கிறது.

இனி சட்டம். 1962ஆம் வருஷச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சில பொருள்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் தங்கம் ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று. கடத்தல் சரக்கு என்ற நியாயமான நம்பிக்கையில் இவற்றை அதிகாரி கைப்பற்றினால், கடத்தப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் பாரம் வைத்திருந்தவன் தலையில் விழும். தங்கத்துக்குப் பக்கத்தில் வாட்சை வைத்த சட்டம் இது. கைக்கடிகாரம் என்ற சொல் அந்தப் பிரிவில் இன்றும் நீக்கப்படவில்லை. சென்னைச் சுங்கக் கலெக்டர் மேல்முறையீடு செய்த ஒரு வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: இலாகா தன் பங்குக்குக் கணிதத் துல்லியத்தோடு நிரூபிக்க வேண்டியதில்லை, விவேகமுள்ளவன் நம்பும் அளவு போதும்.

இதன் விளைவு சரித்திரத்துக்கு விசித்திரமானது. பிடிபட்ட வாட்சுக்குக் காகிதம் உண்டு: மகஜர், எண், தேதி, தீர்ப்பு. பிடிபடாத வாட்சுக்குக் காகிதம் இல்லை. இருக்கவும் கூடாது, ஏனென்றால் அதுவே வாக்குமூலம். பெட்டியையும் உத்தரவாதச் சீட்டையும் எறிந்தால்தான் நாலு வாட்ச் உடம்பில் அடங்கும். இன்று வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது அந்தப் பெட்டியையும் சீட்டையும்தான். இல்லையென்றால் பொருள் சந்தேகத்துக்குரியது. சுங்க இலாகாவின் தர்க்கமேதான் இது. ஆவணமில்லாததைப் பற்றிப் பேசாதே என்கிற சரித்திர ஆசிரியரின் தர்க்கமும் வேறல்ல. மூவரும் பாரத்தை வைத்திருப்பவன் மேலேயே போடுகிறார்கள்.

பொருளே சாட்சி சொல்லும் என்பது என் கட்சி. ஸீக்கோவின் பின்மூடியில் ஆறிலக்கத் தொடரெண் இருக்கும். முதல் இலக்கம் பிறந்த வருஷத்தின் கடைசி எண். இரண்டாவது மாதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் எண்ணுக்குப் பதில் எழுத்து. எந்தப் பத்தாண்டு என்பதை இயந்திரத்தின் எண் சொல்லிவிடும். ஆக ஜாதகம் தெரியும். மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஊசியால் கீறியவை இருக்கும்: செல் மாற்றிய மாதம், ரிப்பேர்காரரின் ஓரெழுத்து. என்னிடம் உள்ள ஒன்று 1982 நவம்பரில் பிறந்தது. அதன் முதல் கீறல் 8-84. இடைப்பட்ட இருபத்தொரு மாதத்துக்குள் அது கடல் தாண்டி, கை மாறி, ஒரு செல்லையும் தீர்த்திருக்கிறது. கடைசிக் கீறல் 3-91. எண் காட்டும் பகுதி செத்த பிறகும் முள்ளுக்காக யாரோ செல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஏழு வருஷம் ஒருவர் அதை வைத்துக் காப்பாற்றியதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது.

கிடைக்காமல் போவதும் உண்டு. 1981 முடியும்வரை ஸிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டு மணி முன்னால். 1982 ஜனவரி முதல் இரண்டரை மணி. வந்த வாட்சில் முள்ளை மட்டும் இந்த ஊருக்குத் திருப்பி, எண்ணை அப்படியே விட்டிருந்தால், வந்த வழி முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். செல் தீர்ந்ததும் முள் நின்ற இடத்தில் நிற்கிறது. எண் அழிந்துபோகிறது. என்னிடம் வந்தவை எல்லாம் செல் தீர்ந்து வந்தவை.

இந்தக் கடிகாரங்களைக் கட்டியவர்கள் கடத்தல்காரர்கள் அல்லர். ஷிப்டு முடிந்து வந்தவர்கள், மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்தவர்கள். எது வேண்டும் என்று தாங்களே தேர்ந்தெடுத்த அபூர்வமான பொருள்களில் ஒன்று இது. அவர்கள் உழைத்ததற்கு ஆலையில் பதிவு உண்டு. ஆசைப்பட்டதற்கு இந்தக் கீறல்கள்தான்.

கீறல்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். படிப்பவர்களின் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே உள்ளதையும் தொடரெண்ணையும் எழுதி அனுப்பினால் போதும். யாருடையது, எப்படி வந்தது என்பது வேண்டாம்.