உறையூர் முதல் கோடியக்கரை வரை: இளவேனில் வலசையும் அதைக் கண்டறிந்தோரும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தெற்குப் பகுதியில், முன்பு பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய மருங்காபுரி, மழையை நம்பிய குளங்களைக் கொண்ட மேட்டு நிலம்; அதற்கு வடக்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, திருவரங்கத்தைத் தீவாகச் சூழ்ந்து, கல்லணையைக் கடந்து, வண்டல் நிலமாக விரிந்து கடலை நோக்கிச் செல்கிறது. அந்த வண்டல் நிலத்தின் தென்கோடியில், வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென மேற்கே திரும்பும் முனையே கோடியக்கரை. ஆர்க்டிக் கரையிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வந்து தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகள் பங்குனி, சித்திரை மாதங்களில் வடக்கே திரும்பும் பயணத்தை, அதாவது இளவேனில் வலசையை, தமிழகத்தில் நெருங்கி ஆராய்வதற்கு இம்முனைக்கு ஈடான இடம் அரிது. ஆயினும் இந்த வலசையைப் பற்றிய அறிவின் வரலாறு கோடியக்கரையில் தொடங்கவில்லை. மேற்கே உறையூரில்தான் அதன் மிகப் பழைய சான்று கிடைக்கிறது.

புறநானூற்றின் 67ஆம் பாடலில், பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலை விளித்து, குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குத் திரும்பும் வழியில் சோழ நாட்டில் இறங்கி, உறையூர் மாடத்தில் பெடையோடு இளைப்பாறி, கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லுமாறு வேண்டுகிறார். நட்பைப் பாடும் இப்பாட்டைப் பறவை நூலாகப் படிப்பது முறையன்று. எனினும் குளிர்கால இருப்பிடம் தென்கடலோரம், திரும்பும் இடம் வடக்கே உள்ள மலை, இடைத்தங்கல் காவிரிக் கரை என்று வலசையின் மூன்று நிலைகளையும் வரிசை பிறழாமல் இப்பாடல் தருவது, திரும்பிச் செல்லும் பறவைகளை அக்காலத்தார் ஆண்டுதோறும் பார்த்திருந்தாலன்றி இயலாது. இந்த அன்னம் இமயத்தைக் கடந்து திபெத், மங்கோலியா பகுதிகளுக்குச் சென்று முட்டையிடும் வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்ற கருத்து ஆய்வாளரிடையே உண்டு. உறையூரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத அரியலூர் மாவட்டக் கரைவெட்டி ஏரிக்கு, மேட்டூர் நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகப் பெறும் அந்த ஏரிக்கு, வரித்தலை வாத்துகள் இன்றும் வருவது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. கரைவெட்டி 2024இல் ராம்சர் தலமாக, அதாவது 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவான பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலையாக, அறிவிக்கப்பட்டது.

பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் மதுரையில் இருந்துகொண்டு கும்பகோணத்தை அடுத்த தம் ஊருக்குத் தூதுவிட்ட செங்கால் நாரையும் குமரியில் நீராடி இணையோடு வடதிசைக்குத் திரும்பும் பறவையாகவே சித்திரிக்கப்படுகிறது. அப்பாட்டில் வீசுவது வாடைக் குளிர். நாரைகள் வடக்கே திரும்புவதோ குளிர் தணிந்த பின்னர். ஆகவே புலவர் அந்தக் கணத்தில் கண்ட காட்சியை மட்டும் சொல்லவில்லை, நாட்டில் பொதுவாக நிலவிய அறிவையும் சேர்த்துச் சொல்கிறார் என்று கொள்வதே பொருந்தும். சங்கப் பாடல்களின் பறவைகளை உயிரியல் நோக்கில் இனங்காண முயன்ற பி.எல். சாமியின் ஆய்வும், மக்கள் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்த க. ரத்னத்தின் உழைப்பும் இத்தகைய சான்றுகளை நம்பிக்கையோடு கையாள வழி செய்தன. தமிழ்ப் பறவையியல் இவ்விருவருக்கும் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

ஐரோப்பியர் வருகைக்குப் பின் இக்கரையில் வளர்ந்த பறவை அறிவு வேறு வகையானது. சென்னைக் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பல்க்லி அனுப்பிய ஓவியங்களைக் கொண்டு உருவான சென்னைப் பறவைப் பட்டியல், ஜான் ரேயின் பறவை நூலில் 1713இல் அச்சேறியது; இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பட்டியல்களுள் அது ஒன்று. தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் கடலோர உயிரினங்களைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி, உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார்; அவ்வகை ஓவியங்கள் சில ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அளிக்கப்பட்டு, இன்று லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. இம்முயற்சிகள் பறவையின் உருவத்தையும் பெயரையும் துல்லியமாகப் பதிந்தன; ஆனால் அது எந்த மாதம் வந்தது, எப்போது போயிற்று என்பதில் அவை அக்கறை காட்டவில்லை. பழம்பாடல்களில் பருவமும் திசையும் இருந்தன, இனம் தெளிவாக இல்லை. புதிய ஓவியங்களில் இனம் தெளிவாக இருந்தது, பயணம் இல்லை.

இவ்விரண்டையும் இணைத்தது பறவையின் காலில் பூட்டப்படும் மெல்லிய உலோக வளையம். எண்ணும் முகவரியும் பொறித்த வளையத்தை மாட்டிப் பறவையைப் பறக்கவிட்டு, பின்னொரு நாள் வேறோர் இடத்தில் அது பிடிபடும்போது பயணத்தை அறியும் இம்முறையை டென்மார்க்கின் மோர்ட்டென்சன் 1899இல் ஒழுங்குபடுத்தினார். இந்தியாவில் 1926இல் தார் சமஸ்தானத்து மகாராஜாவின் ஆதரவில் வாத்துகளுக்கு வளையம் பூட்டப்பட்டது. எனினும் பெரிய அளவில் இப்பணி நடக்கக் காரணமாக அமைந்தது பறவை ஆர்வமன்று, ஒரு காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் குரங்குகளையும் மனிதர்களையும் கொன்ற கியாசனூர்க் காட்டு நோயின் வைரஸ், ரஷ்யாவில் இளவேனில், கோடைக் காலங்களில் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவாக இருந்ததால், வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் வழியே அது வடக்கிலிருந்து வந்திருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தது. 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் நிதியுதவியோடு 1959இல் வலசை ஆய்வை முன்னெடுத்தது. பறவைகள் நோயைக் கொண்டுவந்தன என்பது நிறுவப்படவில்லை. ஆனால் அந்த ஐயத்துக்காகப் பூட்டப்பட்ட வளையங்களே இந்திய வலசை ஆய்வின் அடித்தளமாயின.

கோடியக்கரையின் சிறப்பைச் சாலிம் அலி 1962இல் எடுத்துக்காட்டினார். அங்கு நடந்த வேலை வெறும் தொலைநோக்கியால் ஆகக்கூடியதன்று. ஆயிரக்கணக்கான பறவைகளைக் காயமின்றி உயிரோடு பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு உரிய திறன் கல்வி நிறுவனங்களில் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து வாழ்ந்தவர்களிடம் இருந்தது. பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் சமூகத்தினர் இக்கழகத்தின் பணிக்கு வந்து, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, பறவையின் குரலை எழுப்பி அழைப்பது ஆகிய தம் தொழில்நுட்பங்களை ஆய்வுக்குப் பயன்படுத்தினர். அவர்களுள் அலி ஹுசேன் உலகளாவிய மதிப்பைப் பெற்றவர். சந்தைக்காகப் பறவை பிடித்த கைகள் ஆய்வுக்காகப் பிடித்து விடுவிக்கும் கைகளாக மாறியது இவ்வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் என்றே கருத வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறும் எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தக் கைகளின் நுட்பம் இருக்கிறது.

வளையப் பணியோடு எடை, கொழுப்பு, இறகு நிலை ஆகியவற்றையும் குறித்துவைத்ததனால் இளவேனில் வலசையின் உட்பொறி புலனாயிற்று. கொசு உள்ளான் என்னும் சிறு பறவை சாதாரணமாக 25 கிராம் அளவே எடையுள்ளது. ஆர்க்டிக் நிலத்தில் முட்டையிடும் அது, புறப்படுவதற்கு முன் சில வாரங்கள் இடைவிடாது இரையுண்டு, தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்து, அதையே வழிப்பயணத்துக்கு எரிபொருளாகக் கொள்கிறது. அதே வாரங்களில் இறகுகளும் மாறுகின்றன: குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறமாய்த் திரிந்த, வளைந்த அலகுடைய உள்ளான்கள் சித்திரையில் செங்கல் நிறம் பூணுகின்றன, மணல் உப்புக்கொத்திகளின் மார்பில் செம்பட்டை படர்கிறது. கரையோரப் பறவைகளை இனங்காண விழைவோருக்கு இது மிகவும் பயன்தரும் காலம். ஐப்பசியில் ஒன்றுபோலத் தோன்றி மயக்கும் இனங்கள் இப்போது தத்தம் நிறத்தால் பிரிந்து நிற்கின்றன.

கடற்சேற்றில் மட்டும் இந்தப் பருவம் நிகழ்வதில்லை. முனையை ஒட்டி, பாலை மரங்கள் செறிந்த வறண்ட பசுமைமாறாக் காடு நிற்கிறது. குளிர்காலத்தை இலங்கையில் கழித்த ஆறுமணிக் குருவி முதலிய காட்டுப் பறவைகள் பாக் நீரிணையைக் கடந்து வடக்கே செல்லும் வழியில் இக்காட்டில் இளைப்பாறுகின்றன. சுந்தரர் தேவாரம் பெற்ற குழகர் கோயிலும், இராமர் நின்ற அடிச்சுவடு என்று மக்கள் வணங்கும் மணல்மேடும் இக்காட்டில்தான் உள்ளன. இலங்கையை நோக்கிய கரை என்ற உணர்வு இவ்வூர்க் கதைகள் அனைத்திலும் ஊடாடுகிறது.

காட்டுக்கு மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளை நோக்கிக் கரையோரமாக ஏறத்தாழ 48 கி.மீ. நீளும் வேதாரண்யம் சதுப்புநிலமே பறவைகளின் உண்மையான உணவுக்களம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடப்பாறு, முள்ளியாறு போன்ற காவிரிக் கிளையாறுகளின் கடைமடை நீர் அதில் பரவுகிறது. தை அறுவடைக்குப் பின் மேட்டூர் அணை, வழக்கமாக சனவரி 28 வாக்கில், மூடப்பட்டு வயல்கள் காயத் தொடங்க, சதுப்பின் நீரும் வற்றி, புழுவும் நத்தையும் நிறைந்த சேறு வெளிப்படுகிறது. மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் குளங்களும் இந்நாட்களில் வறண்டுவிடுவதால், உள்நாட்டில் சிதறியிருந்த உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் ஈரம் மிஞ்சும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

பறவைகள் கொழுப்புச் சேர்க்கும் அதே பருவம் உப்பு விளையும் பருவமும் ஆகும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட சத்தியாகிரகிகள், தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாகக் காவிரி நாட்டைக் கடந்து, அம்மாத இறுதியில் வேதாரண்யத்தை அடைந்து அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்தது இப்பருவத்தில்தான். உப்பளத்தின் பாத்திகள் எல்லாம் ஒருதன்மையானவை அல்ல: கடல்நீரைத் தேக்கும் முதல் பாத்திகளில் மீனும் இறாலும் வாழ்கின்றன, உப்பு ஏறிய நடுப் பாத்திகளில் பாசியும் உப்புநீர்ச் சிற்றிறாலும் பெருகிப் பூநாரைகளை ஈர்க்கின்றன, உப்பு படியும் கடைசிப் பாத்திகளில் பறவைக்கு இரை ஏதும் இல்லை. சிற்றளவு உப்பளங்களோடு பறவைகள் நெடுங்காலம் ஒத்து வாழ்ந்தன. தொழிற்சாலைகளுக்கான பரந்த உப்பளங்கள் சதுப்புக்குள் விரிந்து, ஆற்றுநீர் வரத்தும் குறைந்தபோது, உப்புச்செறிவு மிகுந்து இரையுயிர்கள் குன்றியதையும் கரையோரப் பறவைகளின் எண்ணிக்கை சரிந்ததையும் கோடியக்கரையில் பல்லாண்டுகள் தங்கி ஆய்ந்த எஸ். பாலச்சந்திரன் முதலிய அறிவியலாளர்கள் எடுத்துரைத்துள்ளனர்.

கோடியக்கரைக் காடு 1967இல் சரணாலயமானது முதன்மையாக வெளிமானைக் காப்பதற்காகவே. பின்னர் சதுப்புநிலமும் காப்புக்குள் வந்தது; 2002இல் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சரணாலய எல்லை நீரின் வழியைக் காக்காது. சதுப்புக்கு வரும் நன்னீரின் அளவை முடிவு செய்பவை மேட்டூரின் மதகுகளும் முக்கொம்பு, கல்லணைப் பங்கீடும் ஆகும். பாசனக் கணக்கில் வயலுக்கும் குடிநீருக்கும் உள்ள இடம் கடைமடைக்கு அப்பாலுள்ள சதுப்புக்கு இல்லை. 2018 நவம்பரில் இக்கரையைத் தாக்கிய கஜா புயல் காட்டு மரங்களைப் பெருமளவில் சாய்த்தது கண்ணுக்குத் தெரிந்த சேதம், அதற்கு உதவியும் கவனமும் கிடைத்தன. உப்புச்செறிவு ஆண்டுக்காண்டு ஏறுவது அவ்வாறு கண்ணில் படுவதில்லை.

சித்திரை முடிந்து பெரும்பாலான பறவைகள் சென்ற பின்னும் சதுப்பு முற்றிலும் காலியாவதில்லை. முதலாண்டு இளம் பறவைகளுள் பல, இனப்பெருக்கத்துக்கு உரிய வயதை எட்டாததால், கொழுப்பும் சேர்க்காமல், முழு நிறமும் பூணாமல், கோடை முழுவதும் இக்கரையிலேயே தங்கிவிடுகின்றன. வலசைப் பறவைகளுக்கு இவ்விடம் குளிர்கால மாதங்களுக்கு மட்டுமே தேவை என்ற எண்ணத்தில் கோடையில் சதுப்பைக் கவனியாது விடுவது தவறு என்பதற்கு இந்த இளம் பறவைகளே சான்று. சேற்றில் உப்பு மிகவும் ஏறியிருக்கும் மாதங்களைத் தாண்டி, ஆவணியில் வடக்கிலிருந்து முதல் கூட்டங்கள் வந்து சேரும் வரை, அவை இங்கேயே இரைதேட வேண்டியிருக்கிறது.