வடலிக் குருத்தும் நார்க்கடகமும்

யாழ்ப்பாணத்துப் பனைக்கு இரண்டு சரித்திரங்கள் உண்டு. 1658 முதல் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் பனஞ்சலாகைகள் தோணியேறிச் சோழமண்டலக் கரைக்குச் சென்றன. அவற்றை அனுப்பிய வர்த்தகர்களுக்கு மரமானது தறியுண்டு விழுந்த பின்பே பொருளாயிற்று. பெட்டி இழைத்த ஸ்திரீகளுக்கோ அது நின்றால்தான் பொருள். முன்னது கணக்கேடுகளில் ஏறிவிட்டது. பின்னதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

பனம்விதை முளைத்ததும் முதலில் மண்ணுக்குள் கிழங்காக இறங்குகிறது. கிழங்கைத் தோண்டாமல் விட்டால் வடலியாகும். பாளை காணப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சில இடங்களில் அதற்கு மேலும் செல்லும். அதற்கு வெகு முன்பே, கைக்கெட்டும் உயரத்தில், வடலி குருத்தைத் தருகிறது. அக்குருத்தே அதன் வளர்ச்சிக்கு ஆதாரமாதலின், ஒருமுறை வெட்டியவர்கள் அடுத்த ஓலைகள் விரியும்வரை அந்த வடலியைத் தீண்டார்கள். நீர் இறைத்தலும் எருவிடுதலும் மாத்திரந்தானா கிருஷி? இப்பொறுத்திருத்தலையும் நான் கிருஷியென்றே கொள்வேன்.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் உலர்த்தினால் பச்சை வெளுத்துத் தந்த நிறம் ஏறும். உலர்ந்த ஓலை நொறுங்குமாதலால் இரவிலே பனியில் போட்டுப் பதப்படுத்துவார்கள். விடியற்காலையில் என் ஆச்சி திண்ணையில் அமர்ந்து, சத்தகமென்னும் சிறுகத்தியின் நுனியால் ஈர்க்கைப் பிரித்தெறிந்து, பெருவிரல் நகத்தையே அளவாக வைத்து ஓலையை வார்வார். சர்ரென்ற அந்த ஓசை ஒரே சீராய் எழும். வெயில் ஏறி ஓலை முறுகத் தொடங்கினால், இழைப்பு எந்நிலையில் இருந்தாலும் ஈரத்துணியைப் போர்த்து எழுந்துவிடுவார்.

சுளகு, குட்டான், நீற்றுப்பெட்டி என ஓலையில் இழைப்பவை பல இருப்பினும், உழைப்புக்கு அஞ்சாதது கடகமே. அடி சதுரமாய்த் தொடங்கி வாய் வட்டமாய் முடியும் அதன் விளிம்பையும் மூலைகளையும், மட்டையிலிருந்து உரித்து நீரில் ஊறவைத்த நாரால் பொத்துவார்கள். எருவும் மண்ணும் நெல்லும் சுமந்தது அதுதான்.

1850-இல் கொழும்பில் பனையைப் பற்றித் தனிநூல் வெளியிட்ட வில்லியம் பெர்குசன், அம்மரத்தின் 801 பிரயோஜனங்களைப் பாடும் தாலவிலாசமென்னும் நூலை எடுத்துக்காட்டினார். அம்மரத்தைப் பேண இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை தோன்றியதோ 1978-இல்தான். பின்வந்த உள்நாட்டு யுத்தத்தில் காவலரண்களுக்காகத் தோப்புத் தோப்பாய் மரங்கள் தறியுண்டன.

ஆச்சியின் கடகம் எங்கள் வீட்டில் இருக்கிறது. நார் அற்ற மூலையொன்றைச் சென்ற தையில்தான் புதிதாய்ப் பொத்தினோம்.