கொல்லை வாயிலும் கோட்டையும்

சேலத்துச் சமவெளி சென்னைக் கோட்டைக்கு முதலமைச்சர்களை அனுப்பிய மண். அவர்களுள் இருவர் திருச்செங்கோட்டு வட்டாரத்தோடு பிணைந்தவர்கள். ஒருவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். மற்றவர், சேலத்தில் வழக்கறிஞராய்ப் பேரெடுத்து, 1925இல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட ஆச்சாரியார். இவர்கள் எந்த வாயில் வழியே உள்ளே சென்றனர் என்று பார்ப்போமாயின், ஈரவை ஆட்சி ஏட்டில் எப்படி, நாட்டில் எப்படி என்பது தெற்றென விளங்கும்.

சுப்பராயன் காலத்தில் இரண்டு அவைகள் இல்லை. 1920 முதல் 1937 வரை ஒரே சட்டமன்றம். அதற்கு வாக்களித்தோரோ வரி கட்டுவோரும் நிலம் உடையோருமே. 1926இல் சுயராச்சியக் கட்சி மிகுதியான இடங்களை வென்றும் பதவி ஏற்க மறுத்தது. கவர்னர் சுயேச்சையான சுப்பராயனை அழைத்தார். அந்த அமைச்சரவையில்தான் முத்தையா முதலியார் வகுப்புரிமை ஆணையைச் செயலுக்குக் கொணர்ந்தார். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் நியமன உறுப்பினராக வந்து துணைத் தலைவரானதும் அம்மன்றத்திலேதான். அதற்கு முன்பே, 1923இல், இரட்டைமலை சீனிவாசன் நியமனத்தால் உள்ளே சென்று, பொதுச் சாலையும் கிணறும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை எனத் தீர்மானம் கொணர்ந்தார். வாக்குரிமை வாய்க்காதோரின் குரலுக்கு வழிவிட்டபோது நியமனம் நன்மையே செய்தது. இதை நாம் மறுப்பதற்கில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைக்கு மேலவையை அளித்தது. 1937இல் அது பிறந்தது. அதே ஆண்டு ஆச்சாரியார் முதன்முறை ஆட்சி ஏற்று, அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். குடியரசுச் சட்டமும் மேலவையை வைத்துக்கொண்டது.

அதன் அமைப்பைக் கேளுங்கள், தோழர்களே! மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கும். மற்றொரு மூன்றில் ஒரு பங்கினரைக் கீழவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு. அதே அளவு ஆசிரியர்களுக்கு. எஞ்சியோரை ஆளுநர் நியமிப்பார். ஆசிரியர் என்றால் எல்லா ஆசிரியரும் அல்லர்! உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் கற்பிப்பவரே ஆசிரியர். ஊர்ப்புறத்துத் திண்ணையில் அரிச்சுவடி சொல்லித் தந்த தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அந்த வாக்கு இல்லை. பட்டம் பெற்றவருக்கோ கீழவைக்கு ஒரு வாக்கு, மேலவைக்கு ஒரு வாக்கு. அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருமானால் மூன்றாவதும் உண்டு. பாடுபடும் உழவனுக்கு ஒன்றே ஒன்று!

இத்தனை படிகட்டி ஏற்றிய அவைக்கு அதிகாரம் எவ்வளவு? சட்ட முன்வடிவை முதலில் மூன்று திங்கள், கீழவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு திங்கள் தடுத்து வைக்கலாம். அதன் பின் கீழவையின் முடிவே முடிவு. பணமசோதாவென்றால் பதினான்கே நாட்கள். அமைச்சரவையை வீழ்த்தவும் இயலாது. அது கீழவைக்கே பொறுப்புடையது. அவசரச் சட்டங்களை ஆற அமர ஆய்வதற்கு மேலவை வேண்டுமென்பர் அறிஞர். நான்கு திங்கள் தாமதம் ஆய்வாகுமா என்பதை அவர்களே சொல்லட்டும்! சட்டத்தைத் தடுக்க வலுவற்ற அந்த அவைக்கு வேறோர் ஆற்றல் இருந்தது. வாக்காளர் முன் நில்லாதவரையும் அது முதலமைச்சராக்கும்.

1952இல் அதைக் கண்டோம். வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல். ஆந்திரம் பிரியாத சென்னை மாநிலத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி ஆட்சிக்கு உரிமை கோரின. தேர்தலில் நில்லாத ஆச்சாரியாரை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். ஏப்ரல் 10ஆம் நாள் ஆச்சாரியார் முதலமைச்சர்! தேர்ந்தெடுக்கப்படாதவரும் ஆறு திங்கள் அமைச்சராய் இருக்கலாம். அதற்குள் ஓர் இடைத்தேர்தலில் நின்றிருக்கலாம். அதுவும் வேண்டாதிருந்தது, மேலவை இருந்ததால்.

வாக்குக் கேளாதவர் யாருக்குக் கணக்குச் சொல்வார்? 1953இல் வந்தது குலக்கல்வித் திட்டம். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாயிற்று. மீதி நேரம் தந்தையின் தொழில். இராசிபுரத்துத் தறிக்காரர் மகனுக்குத் தறி. பரமத்தி உழவர் மகனுக்கு ஏர்! இது சட்டமாக அவையேறி வரவில்லை. ஆட்சியாளரின் ஆணையாக வந்தது. அதை நடத்த வேண்டியிருந்தவரோ, மேலவை ஆசிரியர் தொகுதியில் வாக்கற்ற அதே தொடக்கப் பள்ளி ஆசிரியர்.

அதைத் தடுத்தது மேலவையன்று. தெருவில் மூண்ட கிளர்ச்சியும், கீழவையில் சரிபாதியாய்ப் பிளந்த வாக்குகளும், காங்கிரசுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பும் அதைத் தளர்த்தின. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் விலக, காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. காமராசரும் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர். மேலவை அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலுக்குச் சென்று, மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றார். ஒரே சட்டம், ஈராண்டு இடைவெளி, இருவேறு நடை!

நம்மவர் பக்கத்தையும் மறைக்க வேண்டுவதில்லை. 1967இல் அண்ணா மேலவை உறுப்பினராகவே முதலமைச்சர் பொறுப்பை நடத்தினார். அவர் தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு நின்று வென்றவர். கழகமும் தனிப் பெரும்பான்மை பெற்றிருந்தது. ஆகவே 1952 வேறு, 1967 வேறு. ஆயினும் வாயில் அதே வாயில்தான்.

1986இல் நியமனம் ஒன்றையொட்டிப் பிணக்கு எழுந்தது. மே திங்களில் எம்.ஜி.ஆர். ஆட்சி மேலவை ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நவம்பர் முதல் நாள், 63 உறுப்பினர் கொண்ட மேலவை மறைந்தது. கலைஞர் அப்போது அதன் உறுப்பினர். கொள்கையைவிடக் கோபமே அதில் மிகுதி என்பது நம் எண்ணம். பின்னர் 1989லும் 1996லும் தி.மு.க. ஆட்சி மீட்க முனைந்தது, அ.தி.மு.க. ஆட்சி வந்தவுடன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. 2010இல் நாடாளுமன்றமே 78 உறுப்பினர் கொண்ட மேலவைக்குச் சட்டம் செய்தது. 2011 ஜூனில் மறு தீர்மானம் வந்தது. சட்டம் செயலுக்கு வரவில்லை.

மீண்டும் மேலவை வேண்டும் என்ற பேச்சு எழுமானால், அதைக் கேட்போர் முதலில் அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவைப் புரட்டிப் பார்க்கட்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அதில் இன்னும் இடம் வரவில்லை.