வேலையும் விசுவாசமும்: கடைச் சிப்பந்தி ஜான் உல்மன்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருக்கும் மனம் திங்கட்கிழமை வேலை இடத்தில் இருப்பதில்லை என்று கிறிஸ்துவர்கள் தங்களுக்குள் குறைபட்டுக்கொள்வதுண்டு. வேலை இடத்தில் முதலாளி சொல்வதைச் செய்தாக வேண்டும். சம்பளம் அவர் கையில் இருக்கிறது. அவர் சொல்லும் வேலை மனசாட்சிக்கு ஒவ்வாததாக இருந்தால் என்ன செய்வது? ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஓர் இளம் கடைச் சிப்பந்தி இந்தக் கேள்வியைச் சந்தித்தார். அவர் பெயர் ஜான் உல்மன்.

உல்மன் 1720ஆம் ஆண்டு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நியூ ஜெர்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தது. அக்காலக் குவேக்கர்களின் கூட்டங்களில் போதகர் கிடையாது. எல்லாரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் எழுந்து பேசுவார். எளிமைக்கும் நேர்மைக்கும் பெயர் பெற்ற இந்த மக்களில் பலர், அந்தக் காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பது கசப்பான உண்மை.

21 வயதில் உல்மன் வயல் வேலையை விட்டு, மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தார். சில காலம் சென்றபின் ஒருநாள் முதலாளி தம்மிடம் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, அதற்கான கிரயச் சீட்டை எழுதும்படி உல்மனிடம் சொன்னார். வாங்குபவர் அங்கேயே காத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு குவேக்கர், வயதில் மூத்தவர். யோசிக்க நேரம் இல்லை. முதலாளி சொல்கிறார், வாங்குபவர் நம் சபையைச் சேர்ந்த பெரியவர் என்று எண்ணி உல்மன் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் எழுதும்போதே மனம் பொறுக்காமல், அடிமை வைத்திருப்பது கிறிஸ்துவ சமயத்திற்குப் பொருந்தாத செயல் என்று இருவர் முன்னிலையிலும் சொன்னார்.

சொல்லியும் அவருக்கு நிம்மதி வரவில்லை. இது என் மனசாட்சிக்கு விரோதமானது, என்னை விட்டுவிடுங்கள் என்று மறுத்திருக்க வேண்டும் எனப் பின்னாளில் தம் நாட்குறிப்பில் எழுதினார். வாயால் கண்டித்துக்கொண்டே கையால் செய்துமுடிப்பது நம்மில் பலருக்கும் பழக்கமானதுதான். உல்மன் அதைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஓர் இளைஞர் அதே போன்ற சீட்டு எழுதக் கேட்டு வந்தபோது, முடியாது என்று மென்மையாக மறுத்துவிட்டார்.

இதைவிடச் சிக்கலானது உயில் எழுதும் வேலை. உயில், பத்திரம் எழுதுவது உல்மனுக்கு ஒரு வருமானம். உயில் எழுதச் சொல்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள்; அவர்களைப் பகைத்துக்கொண்டால் வாடிக்கை போய்விடும். ஒருமுறை அடிபட்டுப் படுத்திருந்த அண்டை வீட்டுக்காரர், அக்கால வைத்திய முறைப்படி இரத்தம் வெளியேற்ற உல்மனை அழைத்தார். அப்படியே தம் உயிலையும் எழுதச் சொன்னார். தம்மிடம் இருந்த அடிமை எந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்பதும் அதில் இருந்தது. வலியில் கிடப்பவரிடம் வாதம் செய்ய முடியுமா? உல்மன் அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதி எடுத்துச் சென்றார். ஒரு மனிதரை உடைமையாக எழுத என்னால் ஆகாது, எழுதியதற்குக் கூலியும் வேண்டாம் என்றார். அதன்பின் இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். அந்த அடிமைக்கு விடுதலை கொடுக்க நோயாளி ஒப்புக்கொண்டார். உல்மன் உயிலை எழுதி முடித்தார். அவர் யாரையும் ஏசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உல்மன் தையல் தொழிலும் கற்றுக்கொண்டு, சொந்தமாகக் கடை வைத்தார். முதலில் உடைகளுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள், பிறகு துணி வகைகள் என்று வியாபாரம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. வேறொருவராக இருந்தால் தேவன் ஆசீர்வதித்தார் என்று மகிழ்ந்திருப்பார். உல்மனுக்கோ கவலை வந்தது. எளியவர்கள் தங்கள் சக்திக்கு மீறிய ஆடம்பரத் துணிகளைக் கடனுக்கு வாங்கி, பிறகு கட்ட முடியாமல் திண்டாடுவதை அவர் கண்டார். விலை குறைந்த, உழைக்கும் துணியை வாங்குங்கள் என்று தம் வாடிக்கையாளருக்கே புத்தி சொன்னார். கடைசியில் 1756ஆம் ஆண்டு வாக்கில், வேறு கடை பார்த்துக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வியாபாரத்தை நிறுத்தினார். தையலும் ஆப்பிள் தோட்டமும் குடும்பத்திற்குப் போதும் என்று முடிவு செய்தார். இது எல்லாராலும் ஆகிற காரியமா என்று கேட்கலாம். ஆகாதுதான். அவருக்கு மனைவியும் ஒரு மகளும் மட்டுமே. கைத்தொழிலும் நிலமும் இருந்தன.

மிச்சப்பட்ட நேரத்தில் அவர் ஊர் ஊராகச் சென்றார். 1754ஆம் ஆண்டில் அடிமை முறையைக் கண்டித்து அவர் எழுதிய சிறு நூல் அச்சாகியிருந்தது. 1757ஆம் ஆண்டு மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா பகுதிகளில் பயணம் செய்தபோது, அடிமை வைத்திருந்தவர்களின் வீடுகளில்தான் தங்க வேண்டியிருந்தது. அடிமைகளின் உழைப்பில் இலவசமாகச் சாப்பிட அவருக்கு மனம் இல்லை. சிறு வெள்ளிக் காசுகளைக் கொண்டுபோய், தமக்காக வேலை செய்த அடிமைகளுக்குக் கொடுத்தார்; சில இடங்களில் வீட்டுத் தலைவர் வழியாகக் கொடுக்கச் செய்தார். இப்படிக் காசு நீட்டுவது அவருக்கும் எளிதாக இல்லை, பெற்றுக்கொண்ட எசமானர்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

1758ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை எழுந்தது. பொறுத்திருப்போம், கர்த்தர் ஒரு வழி காட்டுவார் என்று சிலர் சொன்னார்கள். நெடுநேரம் மௌனமாக இருந்த உல்மன் எழுந்து, தாமதிக்கக் கூடாது என்று பேசினார். அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களை நேரில் சந்தித்துப் பேசக் குழு அமைக்கப்பட்டது. உல்மனும் அதில் ஒருவராக வீடு வீடாகச் சென்றார். கடையிலும் உயில் எழுதுமிடத்திலும் செய்துவந்ததையே இங்கும் செய்தார் எனலாம்.

1772ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அலங்கார வேலைப்பாடுள்ள அறையை மறுத்து, மாலுமிகள் அருகில் கீழ்த்தட்டில் பயணம் செய்தார். வேகத்திற்காகக் குதிரைகளையும் அஞ்சல் பையன்களையும் வதைப்பதாகக் கேள்விப்பட்டு, அஞ்சல் வண்டிகளில் ஏற மறுத்து ஊர்களுக்கு நடந்தே சென்றார். யார்க் நகரில் பெரியம்மை கண்டு அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் இறந்தார். சவப்பெட்டி எளிமையாக இருக்கட்டும், அதன் செலவுக்கும் குழி தோண்டும் கூலிக்கும் தம் உடைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அவருடைய நாட்குறிப்பு 1774ஆம் ஆண்டு அச்சில் வந்தது. அடிமை வைத்திருப்பவர் சபையில் இருக்கக் கூடாது என்று பிலடெல்பியா கூட்டம் 1776ஆம் ஆண்டில்தான் தீர்மானித்தது. உல்மன் அங்கே எழுந்து பேசி அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.