தோலகட்டித் துறவிகளும் முந்திரிகைக் கொடியும்

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ வைன் என்ற சொல்லை உச்சரித்தால், பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அது ஹராம். அதற்குமேல் அங்கே பேச ஒன்றுமில்லை. மார்க்கத் தீர்ப்பு என்ற அளவில் இது சரியே. இக்கட்டுரை அதனை விவாதிக்க வரவில்லை. ஆனால் ஒரு பொருளை நாம் அருந்துவதில்லை என்பதற்காக அதன் வரலாற்றையும் அறியாதிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. அதிலும், தமிழ் பேசும் மண்ணிலேயே, துறவிகளின் கைகளால் சிறிய அளவில் வைன் வடிக்கப்பட்ட கதை பலருக்குத் தெரியாது. அதனை எழுதிவைப்பது பத்திரிகைத் தொழிலில் நரைத்துப்போன என்போன்றோரின் கடன் எனக் கருதுகிறேன்.

முதலில் ஒரு சொல் பற்றி. தமிழகத்தார் திராட்சை என்பதை யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். முந்திரிப் பருப்பைத் தரும் மரம் அவர்களுக்கு மரமுந்திரிகை. ஆகவே யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் முந்திரிகை இரசம் என்று சொல்லும்போது, அது பூசைக்குரிய வைனையே குறிக்கும். தமிழருக்கு இப்பானம் புதிதன்று. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. அரிக்கமேட்டு அகழ்வுகளில் உரோமரின் மதுச்சாடிகள் கிடைத்துள்ளன. ஆயினும் அது கப்பலில் வந்த பொருள். கொடியை நட்டு, கனியைப் பிழிந்து, இம்மண்ணிலேயே வடித்தெடுப்பது வேறு கதை.

அக்கதைக்குக் காரணம் குடிப்பழக்கம் அன்று, வழிபாடு. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி, பூசைக்கு எடுக்கப்படும் இரசம் முந்திரிகைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருத்தல் வேண்டும். பனங்கள்ளோ தென்னங்கள்ளோ அதற்கு ஈடாகாது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோதுகூட வழிபாட்டுக்கான வைனுக்குச் சட்டம் விலக்களித்தது. பனையும் தென்னையும் செழித்த இலங்கை போன்றதொரு நாட்டில், கொடிமுந்திரிகையைத் தேடவேண்டிய தேவை இவ்வாறே எழுந்தது.

1928 ஆம் ஆண்டு, அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார், யாழ். ஆயர் அல்பிரட் கியோமார் ஆண்டகையின் ஆதரவுடன், வலிகாமம் வடக்கிலுள்ள தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். செபமும் மௌனமும் தவமும் உடலுழைப்பும் அச்சபையின் வாழ்க்கை முறை. தம் கையால் உழைத்து உண்ணுதல் துறவியின் கடமை என்பது ஐரோப்பிய மடங்களில் நூற்றாண்டுகளாக நிலைத்த மரபு. பிரான்சின் பேர்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் பல துறவிகளின் கைகளில் வளர்ந்தவையே. அம்மரபு தோலகட்டியின் செம்மண்ணில் தமிழ் உருவம் பெற்றது. தோட்டத்தில் பாடுபட்ட துறவிகள் முந்திரிகைச் சாற்றையும் பூசை வைனையும் நெல்லி இரசத்தையும் ஆக்கினர். பின்னர் செபமாலைக் கன்னியரும் இதே கைத்தொழிலில் ஈடுபட்டனர். யாழ். நகரிலுள்ள அவர்களது மடத்தில் கறுவாவும் கராம்பும் சேர்த்து ஆக்கப்படும் ரொசெற்றோ என்னும் இனிப்பு வைன், வெளிநாட்டுப் பயணிகளின் கைநூல்களில் இடம்பெறுமளவு பெயர்பெற்றது.

இத்தொழில் இலகுவானதன்று. குளிர்நாடுகளில் முந்திரிகைக் கொடி மாரியில் உறங்கி வசந்தத்தில் துளிர்க்கும். நமது வெப்பத்தில் அதற்கு உறக்கமே இல்லை. ஆகவே விவசாயி கத்தரிக்கோலால் அந்த உறக்கத்தை உண்டாக்க வேண்டும். கொடியைக் கவ்வாத்துச் செய்தால் புதுத்தளிருடன் பூ வரும். மூன்று நான்கு மாதங்களில் குலை பழுக்கும். அந்தப் பழுக்கும் காலம் வடகீழ்ப் பருவமழையில் அகப்பட்டால் பூஞ்சணம் எல்லாவற்றையும் அழித்துவிடும். சுண்ணக்கல்லின்மேல் படிந்த நீர் தேங்காத செம்மண்ணும், கிணற்று நீரை அளந்து பாய்ச்சும் யாழ்ப்பாண விவசாயியின் சிக்கனமும் கொடிக்கு ஏற்றவையாயின. எமது கரையோர மணலிலும் வயற்சேற்றிலும் அது நடவாது.

பறித்த பழம் வெகுநாள் தாங்காது. அதனைக் காப்பதற்குப் பண்டைய மனிதன் கண்ட வழிகளுள் ஒன்றே வைன். நசுக்கிய கனியின் சீனியை மதுவம் என்னும் நுண்ணுயிர் அற்ககோலாக மாற்றுகின்றது. காற்றுப்பட விட்டால் அந்த வைன் பின்னர் வினாகிரியாகின்றது. இம்மூன்று நிலைகளையும் எமது சட்டவறிஞர்கள் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். சாறு ஹலால்; வெறியூட்டும் நிலையில் ஹராம்; எதுவும் கலவாமல் தானாகவே வினாகிரியாக மாறினால் மீண்டும் ஹலால் என்பது இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு.

அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. அப்பாஸியர் ஆட்சியில் கிறிஸ்தவ மடங்கள் தமது திராட்சைத் தோட்டங்களுடன் நிலைத்திருந்தன. பத்தாம் நூற்றாண்டில் அஷ்ஷாபுஷ்தி என்பவர் அம்மடங்களைப் பற்றியே கிதாபுத் தியாராத் என்னும் நூலை எழுதினார். முஸ்லிமல்லாத குடிமகனின் வைனை ஒரு முஸ்லிம் அழித்துவிட்டால் அதற்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது ஹனபி சட்டவறிஞர்களின் தீர்ப்பு. தனக்கு விலக்கப்பட்ட பொருளாயினும் அயலவனுக்கு அது உடைமை. அந்த உடைமையில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. இந்த நியாயம் எமது நாட்டில் எப்போது மீறப்பட்டது என்பதே இவ்வரலாற்றின் வலிமிக்க பகுதி.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். தோலகட்டியும் அப்பிரதேசத்திலேயே இருந்தது. தவசிகளுக்கும் விலக்கு இருக்கவில்லை. அப்பகுதி பின்னர் உயர்பாதுகாப்பு வலயமாகியது. அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். ஓராண்டுக்குள், ஒரே குடாநாட்டில், மடத்தவரும் பள்ளிவாசலாரும் தத்தம் கிணறுகளையும் மரங்களையும் விட்டு நடந்தனர். அவர்களைத் துரத்திய கைகள் வேறு. இழப்பின் தன்மை ஒன்றே.

கொடிமுந்திரிகை கவனிப்பின்றி வாழாது. கவ்வாத்துச் செய்யாத கொடி காடாகும், பந்தல் சரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடை பசளையையும் எரிபொருளையும் மறித்தபோது, வலயத்துக்கு வெளியேயிருந்த தோட்டங்களும் சுருங்கின. கிழக்குக்கும் வடக்குக்கும் இடையிலான தரைவழி அறுந்தபின், யாழ்ப்பாணத்து முந்திரிகைக் குலையை எமது சந்தையில் காண்பது அரிதாயிற்று.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். மகாராஷ்டிரத்தின் நாசிக்கில், ஸ்டான்போர்டில் பொறியியல் கற்றுத் திரும்பிய ராஜீவ் சமந்த் 1997 இல் குடும்பக் காணியில் வைனுக்குரிய கொடிகளை நட்டார். 1999 இல் உருவான அவரது சூலா நிறுவனத்தின் முதல் போத்தல்கள் 2000 இல் சந்தைக்கு வந்தன. 2001 இல் மாநில அரசு வைன் தொழிலுக்கு வரிச்சலுகை அளித்தது. 2022 டிசெம்பரில் சூலா பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. தனிமனிதனின் வேட்கைக்கு அரசு தோள்கொடுத்தால் கால் நூற்றாண்டில் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று. தோலகட்டிக்கு அதைவிட ஏழு தசாப்தகால மூப்பு உண்டு. அதற்குக் கிடைத்ததோ முட்கம்பி.

எனினும் அது அழியவில்லை. 2009 இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. தோலகட்டி நெல்லி இரசம் என்ற பெயர் மீண்டும் கடைத்தட்டுகளில் ஏறியது. இலாபத்துக்காகத் தொடங்கப்படாத தொழிலை நட்டம் கொன்றுவிட முடியாது போலும். பூசை நடக்கும்வரை அவர்களுக்கு இரசம் தேவை. இரசம் தேவைப்படும்வரை யாரோ ஒருவர் கொடியைக் கவ்வாத்துச் செய்யவேண்டும்.

எம்மவர் அந்த வைனை அருந்தப்போவதில்லை, அருந்தவும் வேண்டியதில்லை. நெல்லி இரசம் நமக்குப் போதும். ஆனால் அந்தக் கொடி நிற்கவேண்டும், அதனை நட்டவர் அதன் அருகில் வாழவேண்டும் என்று விரும்புவதற்கு எமது மார்க்கமும் தடையில்லை, எமது வரலாறும் தடையில்லை. யாழ்ப்பாணம் சோனகத் தெருவின் வீடுகளுக்கும் அதே விருப்பத்தை அவர்களிடமிருந்து எதிர்பார்க்கும் உரிமை, இதை நாம் முதலில் சொல்வதிலிருந்தே தொடங்குகின்றது.